முன்னால் போக அக்கா இல்லாத பந்தயம்

ஆடி மாதத்தில் ராதாபுரத்திலிருந்து வடக்கன்குளம் வழியாகக் காவல்கிணறு நோக்கிச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு, ஆரல்வாய்மொழிக் கணவாய் என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை. மேற்கே மலை விட்டுக்கொடுத்த அந்த ஒரு வாசல் வழியாகப் பிதுங்கி வரும் தென்மேற்குக் காற்று, காற்றாலைக்காரர்களுக்கு அறுவடை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கோ தண்டனை. தேரி மணல் கணுக்காலில் ஊசி ஊசியாகக் குத்தும். ஹேண்டில்பாரில் மாட்டிய சாப்பாட்டுப் பை பக்கவாட்டில் பறந்து முழங்காலில் இடிக்கும்.

நான் படித்த காலத்தில் அக்கா முன்னால் மிதிப்பாள். அவளுடைய பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நான் ஒட்டிக்கொண்டு போவேன். "ஏட்டி, வெலகாம எம் முதுகுக்குப் பின்னாலயே வா" என்று திரும்பிப் பார்க்காமலேயே கத்துவாள். அவளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரம் நான் தனியாகப் போனேன். ஐந்து நாளும் பிரேயர் முடிந்த பிறகே போய்ச் சேர்ந்து, வாசலில் நின்றேன். ஒரு ஆள் முதுகு எவ்வளவு காற்றை மறைக்கிறது என்பது அந்த வாரத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

சர்வதேச சாலை சைக்கிள் பந்தயங்களில் டைம் ட்ரையல் என்று ஒரு வகை உண்டு. கூட்டமாகப் புறப்படும் மற்றப் பந்தயங்களைப் போலன்றி, இதில் ஒவ்வொருவரும் ஒன்று, ஒன்றரை நிமிட இடைவெளியில் தனித்தனியாகக் கிளம்புகிறார்கள். குறைந்த நேரத்தில் தூரத்தைக் கடந்தவர் வென்றவர். சிறிய சாய்தள மேடையின் உச்சியில், சீட்டைப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்ள, இரு கால்களையும் பெடலில் பூட்டிக்கொண்டு பந்தயப் பெண் உட்கார்ந்திருப்பாள். அலுவலர் ஐந்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி முடித்ததும் பிடித்த கை விடும். அதன்பிறகு அவளுக்கு முதுகு மறைவு கிடையாது. முன்னால் புறப்பட்டவளை எட்டிப் பிடித்தாலும், அவளுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்ளக் கூடாது. பக்கவாட்டில் இரண்டு மீட்டர் விலகிக் கடக்க வேண்டும், இல்லையேல் 25 மீட்டர் பின்தங்கியே வர வேண்டும். அக்காவுக்கு இதைச் சொன்னபோது, "அப்ப எட்டிப் பிடிச்சு என்னத்துக்கு?" என்றாள். அதுதான் இந்தப் பந்தயம்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகும்போது, மிதிப்பவரின் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடும். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறுவதால், வேகத்தைக் கால் பங்கு கூட்டுவதற்கு ஏறத்தாழ இரு மடங்கு உழைக்க வேண்டியிருக்கிறது. குனிந்து, முழங்கைகளை ஒடுக்கி, இரு கைகளையும் முன்னால் நீட்டிய கம்பிகளில் கிடத்தி, வால் நீண்ட ஹெல்மெட் அணிந்து உடம்பையே ஓர் அலகுபோல் கூர்மையாக்குவது இதற்காகத்தான். பின்சக்கரத்தை ஓட்டையில்லாத தட்டாக வைத்துக்கொள்பவர்கள் முன்சக்கரத்தை அப்படி வைப்பதில்லை. குறுக்குக்காற்று அதில் அறைந்தால் ஹேண்டில்பாரே பிடுங்கிக்கொண்டு போய்விடும். எங்கள் ரோட்டில் சாப்பாட்டுப் பையே அந்த வேலையைச் செய்தது.

மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடிக்கையில் 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கும் பெண்பிள்ளையின் முகத்தில் மோதுவதும் 40 கிலோமீட்டர் காற்றுதான். போக எதிர்க்காற்றும் திரும்பப் பின்காற்றும் உள்ள பாதையில், வலுவை எதிர்க்காற்றுப் பகுதியில்தான் சற்றுக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும் என்பது பயிற்சியாளர்கள் சொல்லும் கணக்கு. மெதுவாக நகரும் இடத்தில்தானே அதிக நேரம் கழிகிறது. நான் அதற்கு நேர்மாறாக, பின்காற்று கிடைத்த சந்தோஷத்தில் மாலையில் வேகமாக மிதித்துக் களைத்தவள்.

உலகச் சாம்பியன்ஷிப்பில் டைம் ட்ரையல் 1994-இல் சிசிலித் தீவில் தொடங்கியது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 1996-இல் அட்லாண்டாவில் வந்தது. ஆண்களுக்கும் அதே ஆண்டில்தான் அது மீண்டும் சேர்க்கப்பட்டது என்பதால், பெண்களைக் காக்க வைத்தார்கள் என்று குறை சொல்ல முடியாது. என் குறை தூரத்தைப் பற்றியது. அட்லாண்டாவில் ஆண்கள் 52 கிலோமீட்டர் சொச்சம் ஓட்ட, பெண்களுக்குச் சரியாகப் பாதி. கால் நூற்றாண்டு கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கிலும், ஃபுஜி மலையருகே, பெண்களுக்கு ஒரு சுற்று 22.1 கிலோமீட்டர், ஆண்களுக்கு அதே பாதையில் இரண்டு சுற்று. அந்தப் பெண்கள் பந்தயத்தை வென்ற நெதர்லாந்தின் அன்னமீக் வான் வ்லூட்டன், மூன்று நாள் முன்பு சாலைப் பந்தயத்தில் தனக்கு முன்னால் ஆஸ்திரியாவின் ஆனா கீசன்ஹோஃபர் போய்விட்டதை அறியாமல், தானே முதலிடம் என்றெண்ணிக் கைகளை உயர்த்தியவர். டைம் ட்ரையலில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. கடிகாரம் ஒன்றுதான் எதிரி.

கூட்டமாக ஓடும் பந்தயத்தில் தூரத்தைக் குறைக்க ஏதாவது காரணம் கற்பித்துவிடலாம். ஒருவர் மற்றவர் வழியில் குறுக்கிடாத இந்தப் பந்தயத்தில், பெண்ணுக்குப் பாதித் தூரம் போதும் என்பதற்கு எந்தக் காரணமும் எனக்குப் புலப்படவில்லை. உடம்பு தாங்காது என்பார்கள். பிரான்சின் ஜீனி லாங்கோ 49 வயதில் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தார், வெண்கலம் இரண்டே வினாடியில் தப்பியது. அமெரிக்காவின் கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங் பெய்ஜிங், லண்டன், ரியோ என்று தொடர்ந்து மூன்று தங்கம் வென்றார். மூன்றாவதை வென்ற மறுநாள் அவருக்கு 43-ஆவது பிறந்தநாள். முட்டிவலி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்ட அக்கா, மாத்திரையை ஒருமுறை பார்த்தாள்.

2022-இல் ஆஸ்திரேலியாவின் வொலொங்காங்கில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆண், பெண் இருபாலருக்கும் ஒரே 34.2 கிலோமீட்டர் வைத்தார்கள். நெதர்லாந்தின் எலன் வான் டைக் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 32.4 கிலோமீட்டர், அதுவும் இருவருக்கும் ஒன்றே. அன்று மழை. போனை எண்ணெய் டப்பாவில் சாய்த்து வைத்து அடுக்களையில் நானும் அக்காவும் பார்த்தோம். அமெரிக்காவின் க்ளோயி டைகர்ட் ஈரத் திருப்பத்தில் சறுக்கி விழுந்து, எழுந்து ஓட்டி, வெள்ளியை ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் இழந்தார். ஆஸ்திரேலியாவின் கிரேஸ் பிரவுன் 39 நிமிடம் 38 வினாடியில் முடித்து, இரண்டாமவரை ஒன்றரை நிமிடம் பின்தள்ளினார். சராசரி மணிக்கு 49 கிலோமீட்டர். தோசை கருகியதை இருவருமே கவனிக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஜூரிக்கில் உலகப் பட்டத்தையும் வென்று பிரவுன் ஓய்வுபெற்றார்.

ஆனால் அந்த ஜூரிக்கில் தூரம் மறுபடியும் பிரிந்துவிட்டது: பெண்களுக்கு 29.9, ஆண்களுக்கு 46.1. 2025-இல் ருவாண்டாவின் கிகாலியில், சுவிட்சர்லாந்தின் மார்லன் ராய்சர் வென்ற பெண்கள் பந்தயம் 31.2 கிலோமீட்டர், ஆண்களுடையது 40.6. இரண்டு எண்களையும் அக்காவிடம் சொன்னேன். மனதுக்குள் கழித்துப் பார்த்துவிட்டு, "அந்த ஒம்பது கிலோமீட்டர மட்டும் எதுக்குப் பிடிச்சு வச்சுக்கிட்டாங்க?" என்று கேட்டாள். ராதாபுரம் ரோட்டில், ஆடியில், மேற்குப் பார்த்து மிதிக்கையில் ஒன்பது கிலோமீட்டர் எவ்வளவு தூரம் என்பது முன்னால் போனவளுக்குத்தான் தெரியும்.