மேக்ஸ் ஃபிங்க் கைவிடாத சிகிச்சை

தலை வழியாகச் சிறிது மின்சாரம் செலுத்தி மூளையில் வலிப்பை வரவழைக்கும் மின்னதிர்வுச் சிகிச்சை என்றதும் பலருக்கு சினிமாவில் காட்டும் சித்திரவதைதான் ஞாபகம் வரும். மேக்ஸ் ஃபிங்க் என்ற மனநல மருத்துவர் 1950-களிலிருந்து அதைத்தான் ஆராய்ந்தார். 1923-ல் வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்தவர். புது மருந்துகள் வந்து, எதிர்ப்பும் கிளம்பி, மற்ற மருத்துவர்கள் விலகிப் போன காலத்திலும் இவர் விடவில்லை. 1985-ல் இதற்கென்றே ஓர் ஆய்விதழ் தொடங்கினார். அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முறையாகச் செய்யும் இடங்களில் மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகுதான் சிகிச்சை. வலிப்பு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உடல் பெரிதாக அசையாது. மருந்துக்கு மசியாத, சாப்பாட்டையே மறுக்கும் கடும் மனச்சோர்விலிருந்து பலர் இதனால் மீண்டிருக்கிறார்கள்.

மறதி வரும், அது உண்மை. சிலருக்குச் சில நினைவுகள் திரும்பாமலே போகலாம். இந்த விஷயத்தில் ஃபிங்க் இன்னும் கவலைப்பட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. மின்சாரம் செலுத்தும் மின்முனைகளைத் தலையின் இரு பக்கமும் வைப்பதையே அவர் ஆதரித்தார். வலப்பக்கம் மட்டும் வைத்தால் மறதி பொதுவாகக் குறைவு. வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைத்தால் பயப்படாமல், மின்முனைகளை எந்தப் பக்கம் வைப்பார்கள் என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.