சாப்பாட்டுப் பேரேடு

22 ஜூலை 2024, திங்கள்

வயது 47, உயரம் 158 செ.மீ., எடை 74.6 கிலோ. கைபேசியில் இறக்கிய கலோரி எண்ணும் செயலி கேட்டது, கொடுத்தேன். வாரத்துக்கு எவ்வளவு குறைய வேண்டும் என்பது அடுத்த கேள்வி. அரைக் கிலோ என்று தொட்டால் நாளொன்றுக்கு 1,200 கலோரிதான் என்கிறது. கால் கிலோ என்றால் 1,350. இரண்டாவதை எடுத்துக்கொண்டேன்.

ஒரு தொகை எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடும் வழக்கம் எனக்கு இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். தேடிப் பார்த்ததில் மிஃப்லின் – செயின்ட் ஜியோர் என்று 1990-ல் வந்த ஒரு சூத்திரம் கிடைத்தது. எடையைப் பத்தாலும் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். அதிலிருந்து வயதின் ஐந்து மடங்கையும், பெண் என்றால் இன்னொரு 161-ஐயும் கழிக்க வேண்டும். எனக்கு 1,337 வருகிறது. அசையாமல் படுத்திருந்தாலும் உடம்பு செலவழிக்கும் தொகை இது. நாற்காலி உத்தியோகத்துக்கு 1.2-ஆல் பெருக்கினால் 1,605. கால் கிலோ வேகத்துக்கு அதில் 250-ஐக் கழித்தால் 1,355. செயலி ஐந்தைத் தள்ளுபடி செய்திருக்கிறது, போகட்டும்.

அரைக் கிலோ வேகத்துக்கு 500-ஐக் கழித்து 1,105 வந்திருக்க வேண்டும். பெண்களுக்கு 1,200-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்று தானே நின்றுகொள்கிறது. அந்த ஒரு நல்ல குணத்துக்காகவே இதை வைத்துக்கொள்ளலாம்.

எதற்கு இதெல்லாம் என்றால், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 6.1 வந்திருக்கிறது. 5.7-லிருந்து 6.4 வரை நீரிழிவின் எல்லைக்கோடு. எடையில் இருபதில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டு அக்டோபரில் வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எனக்கு அது மூன்றே முக்கால் கிலோ.

24 ஜூலை, புதன்

‘இட்லி, ஒன்று’ என்று தேடினால் 39-லிருந்து 120 வரை எத்தனையோ பதிவுகள். யார் யாரோ தங்கள் வீட்டு இட்லியை ஏற்றியிருக்கிறார்கள். கும்பகோணத்தில் என் வீட்டுத் தட்டில் விழும் இட்லிக்கு அவர்கள் எப்படிப் பொறுப்பேற்பார்கள்?

மூலத்துக்கே போய்விடலாம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையை எடுத்தேன். 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன. இந்த நிறுவனமே 1918-ல் ராபர்ட் மெக்கரிசன் நம் குன்னூரில் பெரிபெரி ஆய்வுக்காகத் தொடங்கியதுதான். 1958-ல்தான் ஹைதராபாத் போனது. அட்டவணையில் ஆற்றலைக் கிலோஜூலில் கொடுத்திருக்கிறார்கள். பச்சரிசி 100 கிராமுக்கு 1,491. அதை 4.184-ஆல் வகுத்தால் 356 கலோரி. புழுங்கலரிசியும் உளுந்தும் இதை ஒட்டித்தான் வருகின்றன.

நாலுக்கு ஒன்று என்று ஊறப்போட்ட 800 கிராம் இட்லி அரிசி, 200 கிராம் உளுந்து. இரண்டும் சேர்ந்து 3,450 கலோரிக்குக் கொஞ்சம் முன்பின். அந்த மாவு முழுவதையும் ஊற்றியதில் 57 இட்லி. ஆக, ஒன்று 60. இனி என் வீட்டு இட்லி 60-தான், உலகம் என்ன சொன்னாலும்.

சாதத்திலும் இதே வம்பு. ‘அரிசி 100 கிராம்’ என்ற பதிவு வேகாத அரிசியா வெந்த சாதமா என்று சொல்லாமலே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம். நான் குக்கரில் போடும்போது ஒரு தரம், இறக்கிய பிறகு ஒரு தரம் நிறுத்துவிடுகிறேன். 400 கிராம் அரிசி, 1,120 கிராம் சாதம். கிராமுக்கு 1.27. காலையில் டிபன் பாக்ஸில் 180 கிராம் வைத்தால் 229. அலுவலகத்தில் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

பாத்திரங்களின் காலி எடையை ஒரு சீட்டில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை முழுவதும் படித்தார். “என் வெண்கலப் பானை ரெண்டே முக்கால் கிலோதானா? மூன்று என்றல்லவா சொல்லி வாங்கினார்கள்!” என்றார். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய குறை, இன்று வெளிவந்தது.

27 ஜூலை, சனி

காபியைப் பிரித்துப் பார்த்தேன். பச்சை நிறப் பால் பாக்கெட், கொழுப்பு 4.5 சதவீதம். 100 மில்லிக்கு 72 கலோரி வருகிறது. இரண்டு தேக்கரண்டி சர்க்கரை 40. டிகாஷனுக்கு ஒன்றுமில்லை. ஒரு டபரா காபி 110-ஐத் தாண்டுகிறது. காலை எழுந்ததும், பதினொரு மணிக்கு, மாலை வீடு திரும்பியதும் என்று மூன்று. மொத்தம் 336, அதாவது நாள் ஒதுக்கீட்டில் நான்கில் ஒரு பங்கு.

கறுப்புக் காபி குடிக்கச் சொல்லும் ஆட்கள் இந்த ஊரில் ஒரு வாரம் இருந்துவிட்டுப் பேசட்டும். சர்க்கரையை ஒரு தேக்கரண்டியாக்கி, பதினொரு மணிக் காபியை அரை டம்ளராக்கினேன். அதற்கு மேல் இந்தத் தலைப்பில் வெட்டுவதற்கில்லை.

3 ஆகஸ்ட், சனி. ஆடிப்பெருக்கு

மேட்டூர் 120 அடியைத் தொட்டுவிட்டதால் இந்த வருஷம் எல்லோர் முகத்திலும் களை. தேங்காய்ச் சாதம், புளிச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம் நான்கும் கட்டியாயிற்று. படித்துறையில் தராசை விரித்து உட்காருவது அழகில்லை என்பதால், கட்டும்போதே என் பங்கைத் தனி டப்பாவில் நிறுத்து வைத்துவிட்டேன். 540 கலோரி.

படித்துறையில் யார் தன் டப்பாவை மட்டும் சாப்பிடுகிறார்கள்? பக்கத்து வீட்டு அக்காவின் புளியோதரை ஒரு கை, அவர் மருமகள் நீட்டிய கல்கண்டுச் சாதம் ஒரு கரண்டி, அத்தை பாதியில் வைத்த வடை. மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள், எழுதலாம் என்றால் எடை தெரியாது.

சங்கத்தில் இனம் தெரியாத பணம் வந்தால் அனாமத்துக் கணக்கில் வைப்போம். இங்கேயும் ‘அனாமத்து’ என்று ஒரு புதிய உணவை உருவாக்கி, ஒரு பங்கு 100 கலோரி என்று பதிந்துகொண்டேன். இன்று நான்கு பங்கு. சமைக்கும்போது உப்புப் பார்க்க வாயில் போடுவது, மகன் தட்டில் மிச்சம் வைத்த அப்பளம் எல்லாவற்றுக்கும் இனி தினமும் ஒரு பங்கு போடுவதாக ஏற்பாடு.

5 ஆகஸ்ட், திங்கள்

இரண்டு நாளில் 1.1 கிலோ ஏறியிருக்கிறது. இது கொழுப்பாக இருக்க வழியில்லை. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி கூடுதலாகத் தின்றிருக்க வேண்டும். புளியோதரை உப்பு பிடித்துவைத்த தண்ணீர். அரிசிச் சாதம் மிகும்போது உடம்பு அதைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும், ஒவ்வொரு கிராமும் கூடவே மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும். செயலி மட்டும் சிவப்பில் எச்சரிக்கிறது. இனி திங்கள் திங்கள்தான் எடை பார்ப்பது.

12 ஆகஸ்ட், திங்கள்

ஆடிப்பெருக்கு ஏற்றம் இறங்கிய பிறகும் எடை 74.2-ல் நிற்கிறது. செயலியின் கணக்குப்படி முக்கால் கிலோவாவது போயிருக்க வேண்டும். பதிவுகளில் குறையில்லை, ஒதுக்கீட்டையும் தாண்டவில்லை. கையிருப்பு மட்டும் உதைக்கிறது என்றால் ஏதோ ஒரு செலவு ஏட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம். வங்கிச் சிட்டையோடு ஒத்துப்பார்ப்பதைப் போல இதையும் வெளியிலிருந்து வந்த சீட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும். மளிகைச் சீட்டுகளை எடுத்தேன்.

ஜூலையில் வாங்கி ஜூலையிலேயே தீர்ந்தவை: நல்லெண்ணெய் 2 லிட்டர், சூரியகாந்தி எண்ணெய் 2 லிட்டர், நெய் அரைக் கிலோ. விளக்குக்கு ஊற்றும் எண்ணெய்ச் செலவு தனி, அதைச் சேர்க்கவில்லை. நான்கு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 3.66 கிலோ. கொழுப்புக்குக் கிராமுக்கு ஒன்பது கலோரி (மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் நான்குதான்). எண்ணெய் 32,900, நெய் 4,500. வீட்டில் நான்கு பேர், மாதம் முப்பது நாள் என்று வகுத்தால் தலைக்கு நாளொன்றுக்கு 312 கலோரி, அதாவது 35 கிராம். உட்கார்ந்த வேலை செய்யும் பெண்ணுக்கு 20 கிராம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2010 பரிந்துரை.

ஜூலையில் நான் பதிந்த நாள்களுக்கு எண்ணெயும் நெய்யுமாக வந்திருப்பதைக் கூட்டினேன். நாளொன்றுக்கு 120-க்கு மேல் இல்லை. ‘வெண்டைக்காய்ப் பொரியல், ஒரு கிண்ணம்’ என்று செயலி கொடுக்கும் எண் ஏதோ ஒரு சிக்கனமான அடுப்பில் பிறந்தது. எங்கள் வீட்டு வெண்டைக்காய் வழவழப்புப் போகும்வரை எண்ணெய் குடிக்கும். தோசைக்குச் சுற்றி விடுவது, மிளகாய்ப்பொடிக்குக் குழி பறித்து ஊற்றுவது, வத்தக்குழம்பில் மேலே மிதப்பது எதற்கும் தனி வரி கிடையாது.

312-ல் 120 போக 192. நான் கஷ்டப்பட்டு உண்டாக்க நினைத்த துண்டு 250. முக்கால்வாசி அங்கேயே போயிருக்கிறது.

நியாயமாகச் சில கழிவுகள் உண்டு. அப்பளம் பொரித்த எண்ணெய் கொஞ்சம் மிஞ்சும். மகன் என்னைவிட இரண்டு தோசை கூடுதலாகத் தின்பான். சமமாக வகுப்பது சரியில்லை. ஐம்பதைக் கழித்தாலும் 140 நிற்கிறது.

அத்தையிடம் சொன்னேன். “இதற்கா இத்தனை நாள் தராசு? பாட்டில் இருபதாம் தேதியே காலியாகிறது என்று நான் சொன்னேனே” என்றார். சொன்னார்தான், விலைவாசிக் கவலையாகச் சொன்னார். தினப் பதிவு காட்டாததை அவருடைய மாதக் கணக்கு காட்டியிருக்கிறது. எண்ணெயைப் பொறுத்தவரை இனி செயலியை நம்புவதில்லை. சமையலில் நேரடியாக விழுவதைத் தேக்கரண்டியால் அளந்து தனி வரியாகப் போடுவேன், ஒரு தேக்கரண்டி 42. மாதக் கடைசியில் பாட்டிலோடு ஒத்துப்பார்ப்பேன்.

24 ஆகஸ்ட், சனி

நேற்று உடன் வேலை செய்பவர் மகளின் திருமண வரவேற்பு. ‘பந்தி – 1,000’ என்று ஒரே வரி. இலைச் சாப்பாட்டைப் பண்டம் பண்டமாகத் தேடிப் பதிகிறவர்கள் பொறுமைசாலிகள். வாழைப்பூ உசிலி என்று தேடினால் வாழைப்பழ மில்க் ஷேக்கைக் காட்டுகிறது.

படித்ததில் ஒன்று: 1992-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு. 1,200 கலோரிக்குக் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை இறங்கவில்லை என்று முறையிட்டவர்களை எடுத்துக்கொண்டு, ஐசோடோப்பு கலந்த நீரைக் குடிக்கவைத்து உண்மைச் செலவைக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்கள் சாப்பிட்டதில் 47 சதவீதம் ஏட்டுக்கே வரவில்லை. செய்த உடலுழைப்பையோ 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். உடம்பின் எரிவேகத்தில் குறை எதுவும் இல்லை. அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. எங்கள் வெண்டைக்காயைப் போல ஒன்று அங்கேயும் இருந்திருக்கும்.

28 ஆகஸ்ட், புதன்

மாலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி அரைமணி நேர நடை. செயலி உடனே 130 கலோரியை வரவு வைத்து, ‘இன்னும் சாப்பிடலாம்’ என்கிறது. அந்த அரைமணியில் நான் சும்மா உட்கார்ந்திருந்தாலும் நாற்பதுக்கு அருகில் செலவாகியிருக்கும். அது 1,605-க்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. ஒரே வரவை இரண்டு தலைப்பில் காட்டுகிறது. தணிக்கையில் இதை விடமாட்டார்கள். அந்த வசதியை அணைத்துவிட்டேன்.

ஆனால் நடையை விடப்போவதில்லை. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், எல்லைக்கோட்டில் இருந்தவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடும் நடையும் மட்டுமே நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்திருக்கின்றன. எடையில் சொல்லும்படியான மாற்றம் இல்லாமலே இந்தப் பலன். எனக்கு இது பெரிய ஆறுதல், திங்கட்கிழமைக் காலைகளில் குறிப்பாக.

1 செப்டம்பர், ஞாயிறு

ஆகஸ்ட் ஒத்துப்பார்ப்பு. எண்ணெய் 2.9 லிட்டர், நெய் 300 கிராம். தலைக்கு 222 கலோரி, 25 கிராம். என் ஏட்டில் மாதத்தின் பின்பாதிச் சராசரி 190. வித்தியாசத்தை மகனுடைய தோசைக்குப் பற்று எழுதிவிட்டேன். இரும்புக் கல்லில் வெங்காயத்தைத் தேய்த்தால் பாதி எண்ணெய் போதுமாக இருக்கிறது. ஓரம் மொறுமொறுப்பு இல்லை என்று அவனும் அவன் அப்பாவும் சேர்ந்து மனு கொடுத்திருக்கிறார்கள். ஞாயிறு மட்டும் அனுமதி.

7 செப்டம்பர், சனி. விநாயகர் சதுர்த்தி

ஒரு தேங்காயின் துருவல் 200 கிராம், வெல்லம் 200, அரிசி மாவு 250, கையில் தடவ இரண்டு தேக்கரண்டி எண்ணெய். மொத்தம் 2,500. பிடித்தது 25. ஒரு பூரணக் கொழுக்கட்டை சரியாக 100, கணக்கருக்கென்றே செய்தாற்போல். மூன்று சாப்பிட்டேன், மூன்றையும் எழுதினேன்.

16 செப்டம்பர், திங்கள்

72.7 கிலோ. எண்ணெயைப் பிடித்த பிறகுதான் பெரும்பகுதி இறங்கியிருக்கிறது.

இலவசக் காலம் முடிகிறது, வருடச் சந்தா கட்டச் சொல்லித் தினமும் கேட்கிறது. கட்டப்போவதில்லை. என் வீட்டுச் சமையலில் எது எவ்வளவு என்பது இப்போது சீட்டில் இருக்கிறது. பதிவுகள் முழுவதையும் தரவிறக்கிவைத்தாயிற்று. இனி எண்ணெய், நெய், சர்க்கரை, தேங்காய் நான்குக்கும் மாதக் கணக்கு, திங்கட்கிழமை எடை. அத்தை சர்க்கரை டப்பாவில் தேதி எழுதி ஒட்ட ஆரம்பித்துவிட்டார். அக்டோபர் கடைசியில் ரத்தப் பரிசோதனை. எண் வந்ததும் இங்கே பதிகிறேன்.