வென்றவனும் வணங்கிய கச்சி

காஞ்சிபுரம் போகிறவர்களில் பெரும்பாலோர் காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதராஜப் பெருமாள் என்று மூன்று சந்நிதிகளைத் தரிசித்து, பட்டுக் கடையில் ஏறி இறங்கி ஊர் திரும்பிவிடுகிறார்கள். அம்பாளையும் பெருமாளையும் கண்ட பிறகு குறை என்று ஒன்று இருக்க முடியாதுதான். ஆனாலும் ஊரின் மேற்குக் கோடியில் இருக்கும் கைலாசநாதரைப் பார்க்காமல் போகிறவர்களை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. இம்முறை அத்தையை அழைத்துக்கொண்டு காலையில் முதலில் அங்கேதான் போனேன்.

ராஜசிம்மன் என்று பெயர் பெற்ற இரண்டாம் நரசிம்மவர்ம பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கற்றளி, அதாவது கற்கோயில் இது. அடித்தளம் கருங்கல், அதற்கு மேலே மணற்கல். மணற்கல் உளிக்கு இணங்கும். மழைக்கும் அப்படியே இணங்கிவிடும். அதனால் பல சிற்பங்களின் முகம் கரைந்திருக்கிறது. பிற்காலத்தில் அவற்றின் மேல் சுதை பூசிச் சரிசெய்திருக்கிறார்கள். சுதை உதிர்ந்த இடங்களில் உள்ளிருந்து பல்லவச் சிற்பியின் கைவேலை எட்டிப் பார்க்கிறது. அங்கே நின்று பார்க்க வேண்டும். இடுப்பின் ஒரு வளைவிலேயே தாண்டவம் முழுவதும் தெரிந்துவிடும்.

திருச்சுற்று மதிலை ஒட்டி வரிசையாகச் சிறு சந்நிதிகள். அவற்றில் சிலவற்றுக்குள் பழைய ஓவியத்தின் மிச்சம் இருக்கிறது. ஒரு மாடத்தில், உமையோடும் குழந்தை முருகனோடும் சிவன் வீற்றிருக்கும் சோமாஸ்கந்தரின் காவிக் கோடுகளைப் பார்த்தோம். முழு உருவம் இல்லை. ஒரு கன்னம், தோளின் வளைவு, ஆபரணத்தின் ஒரு நுனி, அவ்வளவுதான். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "பூசலார் கதையில் காடவர்கோன் கட்டினானே, அந்தக் கோயில் இதுதானா?" என்று கேட்டார்.

ஆம், மரபில் அப்படித்தான் சொல்கிறார்கள். பூசலார் நாயன்மார்களில் ஒருவர், காடவர்கோன் என்பது பல்லவ மன்னன். மன்னன் கச்சியில், அதாவது இந்தக் காஞ்சியில், கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறான். முந்தின இரவு கனவில் இறைவன் வந்து, "நாளை நின்றவூரில் பூசல் கட்டிய ஆலயத்துக்குள் புகுகிறோம், நீ பிறகு வைத்துக்கொள்" என்கிறார். மன்னன் திருநின்றவூருக்குப் போய்த் தேடினால் அங்கே அப்படி ஒரு கோயிலே இல்லை. பொருளில்லாத அந்த அடியார் மனத்துக்குள்ளேயே கட்டி முடித்த கோயில் அது. மன்னன் அவர் காலில் விழுந்து வணங்கினான். கதையைக் கேட்டபடி இந்த விமானத்தின் முன் நிற்கும்போதுதான் இறைவன் எவ்வளவு பெரிய கோயிலைக் காத்திருக்க வைத்தார் என்பது புரிகிறது.

கருவறையில் பதினாறு பட்டை கொண்ட தாராலிங்கம், பின்சுவரில் சோமாஸ்கந்தர். அதைச் சுற்றிவர ஒரு குறுகிய பாதை உண்டு. தவழ்ந்துதான் நுழைய வேண்டும், தவழ்ந்துதான் வெளியே வர வேண்டும். அப்படிச் சுற்றி வந்தவர்களுக்கு மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. "முழங்கால் வலி இருப்பவர்கள் இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்ளுங்கள் அம்மா" என்றார் அர்ச்சகர். அத்தை அதற்குள் புடவையை இழுத்துச் செருகிவிட்டார். உள்ளே கல்லின் குளிர்ச்சி உள்ளங்கையில் ஏற, அவர் முணுமுணுத்த 'நமசிவாய' எனக்கு முன்னால் நகர்ந்துகொண்டே போயிற்று.

நான் இந்தக் கோயிலுக்கு வருவதே முன் மண்டபத்தில் இருக்கும் ஒரு கன்னடக் கல்வெட்டுக்காகத்தான் என்று சொன்னாலும் தவறில்லை. ராஜசிம்மனுக்குப் பின் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பல்லவர்களுக்கும் சாளுக்கியர்களுக்கும் தலைமுறைப் பகை. சாளுக்கியத் தலைநகர் வாதாபியைப் பல்லவர் அழித்த வடு ஆறாத காலம். அவன் ராஜசிம்மேச்சுரம் என்ற இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்தான், மகிழ்ந்தான், அத்தனையையும் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைத் தன் மொழியில் பகைவன் கட்டிய தூணிலேயே வெட்டி வைத்துவிட்டுப் போனான். பின்பு அவன் அரசி லோகமகாதேவி கன்னட நாட்டுப் பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் இந்தக் காஞ்சியின் சாயல் இருக்கிறது. அவனுக்கும் பின் வந்த ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு இதைக் 'கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி' என்று போற்றுகிறது. இந்த ஊரில் யார் வந்தாலும் முன்னவர் வைத்த கல்லை வணங்கிவிட்டுத்தான் தன் கல்லை வைத்திருக்கிறார்கள்.

அடுத்துப் போன, காஞ்சியை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலிலும் இதே கதைதான். திரைலோக்கியநாதர் ஆலயத்துக்கு விஜயநகர அமைச்சர் இருகப்பர் சங்கீத மண்டபம் கட்டிக் கொடுத்தார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை வண்ணத்தில் விரிகிறது. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தோம்.

நடை சாத்தும் பகல் பொழுதைச் சாப்பாட்டிலும் ஓய்விலும் கழித்தோம். மாலையில் ஏகாம்பரநாதர். கிருஷ்ணதேவராயர் 1509இல் எடுப்பித்த ராஜகோபுரத்தின் வழியே போய், அம்பிகை மணலால் பிடித்து வழிபட்ட லிங்கத்தின் முன் நின்றோம். பார்வை இழந்து வந்த சுந்தரர் இடக்கண் பெற்ற தலம் இது. கண் புரை அறுவைச் சிகிச்சை முடிந்து சில மாதங்களே ஆன அத்தை இங்கே அழுதுவிட்டார். காமாட்சி சந்நிதியில் கூட்டம் நெரிந்தது. ஒரு நொடி தரிசனம், ஆனால் நிறைவான நொடி.

விளக்கு வைக்கும் நேரத்தில் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குள் நுழைந்தோம். இரண்டாம் நந்திவர்ம பல்லவன் எழுப்பிய, திருமங்கையாழ்வார் பாடிய பரமேச்சுர விண்ணகரம். சிம்மத் தூண்கள் தாங்கும் சுற்றுமண்டபச் சுவரில் பல்லவர் வரலாறே புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. வாரிசு இல்லாமல் போன அரியணைக்கு, பெரியவர்கள் தயங்கி நிற்கையில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் "நான் போகிறேன்" என்று புறப்பட்ட கதை அதில் உண்டு. அந்தச் சிறுவன்தான் நந்திவர்மன். அந்தச் சுவரில் விபூதி, குங்குமத்தைத் தடவிய விரல் அடையாளங்கள் இருந்தன. கோயிலுக்கு வருகிறவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், மிஞ்சிய பிரசாதத்தை மணற்கல்லில் தடவாதீர்கள். அது நாம் பூசியதையும் சேர்த்துக்கொண்டு உதிர்கிறது.

மூன்று தளங்களில் பெருமாள் இருந்தும் கிடந்தும் நின்றும் சேவை சாதிக்கும் கோயில் இது. கீழ்த்தளத்தில் வீற்றிருந்த கோலத்தைச் சேவித்தோம். சயனக் கோலத்தை ஏகாதசியன்று வந்தால் சேவிக்கலாம் என்றார் பட்டாச்சாரியார். வரதரைச் சேவிக்க அன்று நேரமும் கூடவில்லை. வருகிற ஏகாதசிக்கு முந்தின நாளே வந்து தங்க வேண்டும் என்று அத்தை பஸ் ஏறும்போதே தீர்மானித்துவிட்டார்.