உளவியல் அளவீடு படிக்கப்போகிறவர்களுக்கு: என் −0.28 கதை

என் இறுதியாண்டு ஆய்வில் கணினி தந்த முதல் விடை −0.28. ஆளுமை வினாக்கொத்து ஒன்றில் ஒரு பகுதியின் நம்பகத்தன்மையை, அதாவது அதன் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் குரொன்பாக் அல்ஃபா அது. 0.7ஐத் தாண்டினால் நிம்மதியாக மூச்சு விடலாம் என்று விரிவுரையில் குறித்து வைத்திருந்தேன். கழித்தல் குறியோடும் அது வரும் என்று எனக்குத் தெரியாது. திருகோணமலை நகரம், உப்புவெளி, கிண்ணியா என்று பஸ்ஸிலும் சைக்கிளிலும் அலைந்து 120 பேரிடம் நிரப்பி வாங்கிய தாள்கள் மேசையில் கிடந்தன. அன்று இரவு சோறு இறங்கவில்லை.

இப்போது அதே பாடத்தைப் படிக்கும் தங்கச்சி ஒருத்தி, "அக்கா, உங்கள் குறிப்புகளைத் தருவீர்களா?" என்று கேட்டாள். குறிப்புகளைவிட இந்தக் கதைதான் அவளுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

நான் எடுத்தது லூயிஸ் கோல்ட்பர்க் என்ற அமெரிக்க உளவியலாளரின் 50 கூற்றுகள். ஆளுமையின் ஐந்து பெருங்கூறுகளுக்கு 'பெரிய ஐந்து' என்ற பெயரை 1981இல் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். அதைவிட மாணவர்களுக்கு அவர் செய்த பெரிய உபகாரம் ஒன்று உண்டு. மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆளுமைக் கூற்றுகளைத் திரட்டி, யாரும் காசு கொடுக்காமல், அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம், மொழிபெயர்க்கலாம் என்று பொதுவில் வைத்துவிட்டார். விலைக்கு விற்கப்படும் சோதனைகளை எங்கிருந்தோ நகலெடுத்து ஆய்வு செய்யாதீர்கள். இலவசமாகவே நல்ல சரக்கு இருக்கிறது.

மொழிபெயர்ப்பில்தான் முதல் சறுக்கல். அந்த ஐந்தில் ஒன்றான புறநோக்கை, அதாவது ஆட்களோடு கலந்து பழகும் இயல்பை அளக்கும் பத்துக் கூற்றுகளில் முதலாவதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, 'விருந்தின் உயிர் நான்' என்று எழுதினேன். ஆங்கிலம் கற்பிக்கும் தோழி அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினாள். மூலம் அப்படியே வந்தது. ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் விளக்கிய மீள்மொழிபெயர்ப்பு முறையில் தேறிவிட்டேன் என்று குதூகலித்தேன். ஓர்ஸ் ஹில்லில் ஓர் ஐயாவிடம் தாளை நீட்டியபோது, "எந்த விருந்தில், யாருடைய உயிர், பிள்ளை?" என்று கேட்டார். சொல்லுக்குச் சொல் பெயர்த்ததுதான் மிகச் சுலபமாக மூலத்துக்குத் திரும்பிப் போகும் என்பது அப்போதுதான் உறைத்தது. மீள்மொழிபெயர்ப்பில் தேறுவது ஒரு கட்டம் மட்டுமே. அச்சடிப்பதற்கு முன், ஐந்து பேரையாவது ஒவ்வொரு கூற்றையும் வாசித்து, என்ன விளங்கியது என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அந்தக் கூற்று இறுதியில் 'நான் வந்தால் கூட்டம் களைகட்டும்' என்று ஆனது.

இனி அந்த −0.28. காரணம் வெட்கக்கேடானது. புறநோக்குக் கூற்றுகள் பத்தில் ஐந்து நேர்க்கூற்றுகள்; மற்ற ஐந்து 'அந்நியர் முன் அமைதியாக இருப்பேன்' போன்ற எதிர்க்கூற்றுகள். ஒவ்வொரு கூற்றுக்கும் 1 (சிறிதும் பொருந்தாது) முதல் 5 (முழுவதும் பொருந்தும்) வரை ஓர் எண்ணைப் போட வேண்டும். எதிர்க்கூற்றில் ஒருவர் 5 போட்டால் அதை 1 ஆகவும், 4 போட்டால் 2 ஆகவும் திருப்பிவிட்டுத்தான் கூட்ட வேண்டும். நான் திருப்பவில்லை. அல்ஃபா கழித்தலில் வந்தால் உலகம் இடிந்துவிட்டது என்று நினைக்காமல், முதலில் இதைப் பாருங்கள். திருப்பிப் போட்டதும் 0.71 ஆனது. கணிப்புக்கு விலையுயர்ந்த மென்பொருள் வேண்டியதில்லை, ஜமோவி இலவசம்.

0.71 போதும் என்று அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால், ஒவ்வொரு கூற்றும் மீதி ஒன்பதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்ததில் இரண்டு தனித்து நின்றன. ஒன்று, 'விருந்துகளில் பலதரப்பட்டவர்களோடு பேசுவேன்'. விருந்து என்பதை நான் 'கல்யாண வீடு' என்று மாற்றியிருந்தேன்; எங்கள் ஊருக்கு ஏற்ற சொல் என்று பெருமை வேறு. நிரப்பிக் கொடுத்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் 5 போட்டிருந்தார்கள். பிறகு பெரியம்மாவிடம் கேட்டேன். "கல்யாண வீட்டில் பேசாமல் இருந்தால் சனம் என்ன நினைக்கும்?" என்றார். அது ஆளுமை இல்லை, கடமை. எல்லோரும் ஒரே விடை சொல்லும் கூற்று ஆட்களை வேறுபடுத்தாது. வேறுபாடு இல்லாத இடத்தில் தொடர்பும் வராது.

மற்றது இன்னும் நுட்பமானது: 'நான் அதிகம் பேசுவதில்லை'. 'பொருந்தாது' என்ற பக்கமிருந்து 'பொருந்தும்' என்ற பக்கம் வரை அதே ஐந்து தெரிவுகள். தமிழில் "நீ போகவில்லையா?" என்று கேட்டால் போகாதவன் "இல்லை" என்றுதான் சொல்வான். அதே பழக்கத்தில், பேச்சுக் குறைந்த சிலர் 'இல்லை, பேசுவதில்லை' என்ற எண்ணத்தில் 'பொருந்தாது' என்ற பக்கத்தில் குறி போட்டிருந்தார்கள். புள்ளியைத் திருப்பியதும் அவர்கள் வாயாடிகளாகிவிட்டார்கள்! 'நான் பேச்சுக் குறைந்த ஆள்' என்று எழுதியிருந்தால் சிக்கலே இல்லை. எதிர்க்கூற்றை 'இல்லை' என்ற சொல்லில் முடிக்காதீர்கள். இதை எந்தப் பாடக்குறிப்பிலும் நான் காணவில்லை.

பரீட்சைக்கு வருகிறேன். நம்பகத்தன்மை (அளவு நிலையாக வருகிறதா), ஏற்புடைமை (அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா) இரண்டையும் வேறுபடுத்தி விளக்குக என்று ஏதாவது ஒரு வடிவத்தில் வராமல் போகாது. ஏற்புடைமையைச் சிலர் தகுதி என்பார்கள், சிலர் வலிதுடைமை என்பார்கள். ஒன்றைத் தேர்ந்து விடைத்தாள் முழுவதும் அதையே எழுதுங்கள். வரைவிலக்கணத்தைக் கக்கினால் பாதிப் புள்ளிதான். உதாரணம் சொந்தமாக இருக்க வேண்டும். நம்பகத்தன்மைக்கு எனக்குக் கை கொடுத்தது திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏழு கிணறுகளில் எது அதிகச் சூடு என்று சிறுவயதில் மைத்துனிமாரோடு சண்டை பிடித்திருக்கிறேன். சூடான கிணற்றில் வாளி போட்டு ஊற்றிக்கொண்டு வந்தவளுக்கு அடுத்தது குளிர்ந்தது போலத் தெரியும்; வெயிலில் நின்று வந்தவளுக்கு வேறு மாதிரி. கை தரும் அளவு = உண்மை அளவு + பிழை. 1904இல் பிரித்தானிய உளவியலாளர் ஸ்பியர்மன் தொடக்கி வைத்த மரபார்ந்த சோதனைக் கோட்பாடு முழுவதும் இந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது.

அல்ஃபாவைப் பற்றி எழுதும்போது ஒரு கணக்கை மனத்தில் வைத்திருங்கள். கூற்றுகளுக்கிடையே சராசரித் தொடர்பு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.2 என்றால், பத்துக் கூற்றுகளுக்கு அல்ஃபா 0.71, இருபதுக்கு 0.83, நாற்பதுக்கு 0.91. கூற்றுகளின் தரம் கடுகளவும் கூடவில்லை, எண்ணிக்கை மட்டும் கூடியது. 1951இல் அதைப் பிரபலமாக்கிய குரொன்பாக்கே, மறைவுக்குப் பின் 2004இல் வெளியான கட்டுரையில், பெரும்பாலான தரவுகளுக்கு அல்ஃபாவை மிகப் பொருத்தமான வழியாகத் தாம் இனிக் கருதவில்லை என்று எழுதியிருந்தார். இதைச் சொல்லும் விடையைப் பரிசோதகர் நிமிர்ந்து உட்கார்ந்து வாசிப்பார்.

ஏற்புடைமைக்கு அமெரிக்க உளவியலாளர் ஃபோரர். அவர் 1948இல் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை முடிவு என்று சொல்லி, எல்லோருக்கும் ஒரே குறிப்பைக் கொடுத்தார். அதன் வரிகளைச் சோதிடப் புத்தகமொன்றிலிருந்து எடுத்திருந்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் போட்ட சராசரி, 5க்கு 4.26. பொருந்துகிறது என்று ஆட்கள் சொல்வது ஏற்புடைமைக்குச் சான்றாகாது. என் முடிவுகளைப் பார்த்து "என்னை அப்படியே சொல்லிவிட்டாய், பிள்ளை" என்று மாமா பாராட்டியதை நான் ஆய்வுக்கட்டுரையில் சேர்க்கவில்லை.

இன்னொரு வினாவுக்கும் ஆயத்தமாக இருங்கள். இந்த ஐந்து கூறுகளுக்கும் வேர் ஆங்கில அகராதி. ஆல்போர்ட், ஓட்பெர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவரும் 1936இல் அதிலிருந்து ஆட்களை விவரிக்கும் 17,953 சொற்களைப் பொறுக்கினார்கள். கல்லுளிமங்கனை அந்த ஐந்தில் எதில் போடுவீர்கள்? அமைதி இருக்கிறது, பிடிவாதம் இருக்கிறது, உள்ளே ஒரு திட்டமும் இருக்கிறது. எனக்கு இன்றுவரை விடை இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை எழுதியதற்கே புள்ளி கிடைத்தது.

நேர்முகப் பரீட்சையில் என்னிடம் கேட்ட முதல் வினா இது: "புறநோக்கில் ஒருவருக்கு 34, மற்றவருக்கு 37. யார் கூடுதலாகப் பழகுபவர்?" நியம விலகல் 6, அல்ஃபா 0.71, 1இலிருந்து 0.71ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்து 6ஆல் பெருக்கினால் அளவீட்டின் நியம வழு, அதாவது பிழையால் ஒரு புள்ளி வழக்கமாக ஏறி இறங்கும் அளவு, ஏறத்தாழ 3.2. இருவருக்கும் இடையிலான வித்தியாசமோ 3தான். முதல் நாள் இரவே போட்டுப் பார்த்திருந்தேன்.

"சொல்ல முடியாது, சேர்" என்றேன். ஏன் என்று கேட்டார். தாளில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். தலையாட்டிவிட்டு, அந்தக் கல்யாண வீட்டுக் கூற்று இருந்த பக்கத்தைப் புரட்டினார்.