மாடி அறைக்கு மூங்கில் தரை

மே 9, 2024

மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தோம். மாடியில் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஏறிப் போய்ப் பார்த்தால் அறை நடுவில் டைல்ஸ் இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. 2009ல் மாடி எடுத்தபோது போட்ட விட்ரிஃபைட் டைல்ஸ். சாயங்காலம் கொத்தனார் வந்து கட்டையால் தட்டிப் பார்த்தார். பாதி அறைக்கு அடியில் ஒன்றுமில்லாத வெற்றுச் சத்தம். இடைவெளியே விடாமல் நெருக்கி ஒட்டியிருக்கிறார்கள், கத்தரி வெயிலில் விரிய இடமில்லாமல் எழும்பிவிட்டது என்றார். "ஒட்டுப் போடுத வேலை இல்லம்மா இது. முழுசையும் பேத்திரணும்."

கீழ் வீட்டில் மாமா காலத்துச் சிவப்புக் காவித் தரை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலியில் எங்கள் சிந்துபூந்துறை முழுக்க ஆறு புகுந்தபோது வீட்டு நடுக்கூடத்தில் முழங்கால் தண்ணீர் நின்றது. சேற்றை வழித்துக் கழுவி, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்ததும் அந்தத் தரை பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. அத்தைக்கு அதில் ஏகப் பெருமை. மாடிக்கும் காவியே போடு என்கிறார்.

மே 26

காவி போட எனக்கும் ஆசைதான். ஆனால் அதை இழைத்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றத் தெரிந்த கை இப்போது கிடைப்பது கஷ்டம். அரைகுறையாகத் தெரிந்தவர் போட்டால் ஒரு வருஷத்தில் தலைமுடி கனத்துக்குக் கீறல் விழும். திரும்பவும் டைல்ஸ் என்றால், மார்கழியில் தரையில் உட்கார்ந்து துணி வெட்டும் என் முட்டுக்கு ஆகாது. அந்த அறை என் தையல் அறை, இவருக்குப் படிக்கிற அறை. கட்டில் ஒன்று, பீரோ ஒன்று, அவ்வளவுதான்.

கொச்சியில் இவருடைய சிநேகிதர் வீட்டில் பார்த்த மூங்கில் தரையை இவர் சொன்னார். அத்தை சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "மூங்கில்ல பாடை கட்டுவாக, பந்தல் போடுவாக. தரையா போடுவாக?" என்றார்.

"நெல்லையப்பருக்குத் தலவிருட்சமே மூங்கில்தானம்மா. கோயில் கதையில ராமக்கோன் பால் குடத்தோட தடுக்கி விழுந்தது மூங்கில் காட்டுலதான?" என்று இவர் மடக்கப் பார்த்தார்.

"ஏல, அப்ப சாமி மரத்தையா காலால மிதிக்கச் சொல்லுத?"

இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார். நான் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

ஜூன் 23

ஆனித் தேர் முடிந்து டவுனில் நெரிசல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வண்ணார்பேட்டையில் ஒரு கடை, பாளையங்கோட்டையில் ஒரு கடை பார்த்தோம். இரண்டிலும் பட்டியல் புத்தகம்தான் காட்டினார்கள், சரக்கு மதுரையிலிருந்து வர வேண்டும்.

மூன்று வகை என்று புரிந்தது. மூங்கிலைக் கீற்றாக அறுத்துப் படுக்கை வசத்தில் ஒட்டியது ஒன்று. அதில் கணுக்கள் நன்றாகத் தெரியும், பார்க்க அதுதான் மூங்கில். கீற்றைச் செங்குத்தாக நிறுத்தி ஒட்டியது இன்னொன்று, மெல்லிய கோடு கோடாக இருக்கும். மூன்றாவது, நாரைச் சிதைத்துப் பசையில் நனைத்துப் பெரிய அழுத்தத்தில் இறுக்கிய 'ஸ்ட்ராண்ட் வோவன்'. இது தேக்கைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கெட்டி. பார்த்தால் மூங்கில் என்றே தெரியாது, ஏதோ காட்டு மரம் போலிருக்கிறது. காப்பி நிறத்தில் இருப்பவை சாயம் ஏற்றியவை அல்ல, ஆவியில் வேகவைத்து அந்த நிறம் வருகிறது. வெந்ததால் முதல் இரண்டு வகையிலும் கெட்டித்தன்மை கொஞ்சம் குறையும். இதைக் கடைக்காரர் சொல்லவில்லை, நான் துருவியதால் ஒப்புக்கொண்டார்.

கடைக்காரர்கள் எல்லாருக்கும் கெட்டி, கெட்டி, கெட்டி என்ற ஒரே பேச்சு. சுத்தியலால் அடித்தெல்லாம் காட்டினார் ஒருவர். எங்கள் வீட்டில் யார் தரையைச் சுத்தியலால் அடிக்கப் போகிறார்கள்? ஐப்பசி கார்த்திகையில் ஊரே நனைந்து கிடக்கும்போது இது என்ன ஆகும் என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகாது மேடம்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை.

பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கும், காற்றில் கசிந்தால் மூச்சுக்கு ஆகாது. பெட்டியில் அந்தக் கசிவு குறைவு என்று சொல்லும் ஈ1 அல்லது ஈ0 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இல்லாத சரக்கு விலை குறைவு. அதை மூடி வைக்கச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 30

டைல்ஸ் பெயர்த்தாகிவிட்டது. தூசி கீழே அடுக்களை வரை. கொத்தனார் புதிதாகச் சிமெண்ட் தளம் போட்டு ரசமட்டம் பார்த்தார். 2 மீட்டர் மட்டப்பலகையை எந்தப் பக்கம் வைத்தாலும் 3 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் தெரியக் கூடாது என்று கேட்டிருந்தேன். "டைல்ஸுன்னா கலவையில சரிக்கட்டிரலாம், இது என்ன தாயி இம்புட்டு நுணுக்கம்" என்று முனகிக்கொண்டே செய்து கொடுத்தார். நல்ல வேலைக்காரர். பலகை ஒன்றோடொன்று கொக்கி போட்டு மாட்டுவது, அடியில் பள்ளம் இருந்தால் நடக்க நடக்க அந்தக் கொக்கி உடையும்.

ஜூலை 7

மாதிரித் துண்டுகள் வந்தன. வீடு பரிசோதனைச் சாலை ஆகிவிட்டது. ஒவ்வொன்றிலும் பாதியை ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் போட்டேன். படுக்கை வசத்துத் துண்டு விளிம்பில் உப்பி விட்டது. ஸ்ட்ராண்ட் துண்டும் உப்பாமல் இல்லை, ஆனால் அதைவிடக் குறைவு. மீதித் துண்டுகளை ஐந்து ரூபாய் நாணயத்தால் கீறிப் பார்த்தோம். மேல் பூச்சில் கோடு விழத்தான் செய்கிறது, எல்லாவற்றிலும். மேற்கு ஜன்னல் வெயிலில் ஒன்றைப் பாதி மூடி வைத்திருக்கிறேன், நிறம் எப்படிப் போகிறது என்று பார்க்க.

வீட்டில் கதவு வேலைக்கு வரும் ஆசாரி துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எம்மா, நம்ம மலையில இல்லாத மூங்கிலா? எதுக்குச் சீனாச் சரக்கு?" நியாயமான கேள்வி. தரைக்கு வருவது பெரும்பாலும் மோசோ என்ற சீன மூங்கில், ஐந்தாறு வருஷம் முற்றியதும் வெட்டுவது. நம் பக்கத்துக் கல் மூங்கில் ஏணிக்கும் கம்புக்கும் அருமையானது. ஆனால் உள்ளே துளை குறைவு, தண்டும் சிறுத்தது. அகலமான கீற்று எடுக்க மோசோ தோது.

உளுக்காதா என்றும் கேட்டார். மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துக்குத்தான் வண்டு வருகிறது. அதனால்தான் அவர் அப்பா காலத்தில் தேய்பிறையில் வெட்டிக் குளத்தில் ஊறப்போடுவார்களாம். ஊறினால் அந்தச் சத்து கரைந்து போகும். ஆலையில் அதையே கொதிக்க வைத்தும் போராக்ஸ் கரைசலிலும் செய்கிறார்கள். கேட்டுவிட்டு, "அப்ப சரிதான்" என்று துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 14

ஆடி பிறக்கும் முன் முன்பணம் கொடுத்துவிட வேண்டும் என்று அத்தை. தரைக்குச் சம்மதம் சொல்லவில்லை, நாளுக்கு மட்டும் சம்மதம். அறை 12க்கு 16, அதாவது 192 சதுர அடி. வெட்டி வீணாவதற்கு 10 சதவீதம் கூட்டி 212. நகைக்கடைச் சேதாரத்துக்கு வாய் திறக்காதவர் இவர், இதற்கு அரைமணி நேரம் பேரம் பேசினார். ஸ்ட்ராண்ட் வகை, வேகவைக்காத இயல்பு நிறம், சதுர அடி 340 ரூபாய், போடுகிற கூலி தனி. நல்ல டைல்ஸே இதில் பாதிக்குள் முடிந்திருக்கும், தெரிந்துதான் கொடுத்தோம்.

இன்னொன்று கேட்டேன்: 2017 வரை சட்டப்படி மூங்கில் மரம், இப்போது தனியார் நிலத்தில் வளர்வது மரக் கணக்கில் இல்லை, அப்படியிருக்க நம் நாட்டுச் சரக்கு ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது? வடகிழக்கிலிருந்து வருவது உண்டு, ஆனால் இந்த மாதம் கைவசம் இல்லை என்றார் கடைக்காரர்.

ஆகஸ்ட் 4

ஆடியில் வேலை தொடங்கக் கூடாது என்றதும் ஒரு வகையில் வசதிதான். சிமெண்ட் தளம் ஒரு அங்குலக் கனம் காய ஒரு மாதம் பிடிக்கும் என்பார்கள். கையால் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும்.

இரண்டடி பாலித்தீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். இன்னும் காயவில்லை. ஜன்னல்களைத் திறந்து போட்டு ஃபேனை ஓடவிட்டிருக்கிறோம். சாரல் காற்று வேறு அடிக்கிறது.

ஆகஸ்ட் 20

திரும்ப ஒட்டிப் பார்த்தேன். ஷீட்டுக்கு அடியில் ஒன்றுமில்லை, தளத்தின் நிறமும் மாறவில்லை.

ஆகஸ்ட் 24

பெட்டிகள் வந்தன. கூடவே ஃபிட்டர் இரண்டு பேர், கையில் ரம்பத்தோடு. "இன்னைக்கே முடிச்சுட்டுப் போயிடறோம் மேடம், திரும்ப மதுரையிலேர்ந்து வர்றது செலவு." பெட்டியை ஒட்டியிருந்த தாளில் குறைந்தது 72 மணி நேரம் அறையில் வைத்திருக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. ஸ்ட்ராண்ட் வகை இறுக்கமானது, அறையின் ஈரத்துக்குப் பழக இன்னும் கூட நாள் வேண்டும். எந்த ஊர்க் குளிர் அறையிலிருந்து வந்ததோ தெரியாது. தாளைக் காட்டினேன். கடைக்குப் போன் போட்டார்கள், கடைக்காரர் என்னிடம் பேசினார், குரல் கொஞ்சம் உயர்ந்தது. வரும் செலவில் பாதி தருகிறேன் என்றதும் இறங்கி வந்தார்.

பெட்டிகளின் வாயைத் திறந்து, காற்றுப் போக நடுவில் கட்டை வைத்து, படுக்கை வசத்தில் அடுக்கியிருக்கிறோம். நிறுத்தி வைத்தால் வளையும்.

செப்டம்பர் 11

பிள்ளையார் சதுர்த்தி முடிந்து இன்று வேலை. மூத்த ஃபிட்டர் ஈரமானியின் இரண்டு ஊசியைப் பலகையில் குத்திப் பார்த்தார், 10 சதவீதம் என்று காட்டியது. போன தடவை கோபத்தோடு போனவர், இன்று வேலையில் ரொம்ப சுத்தம்.

முதலில் 200 மைக்ரான் பாலித்தீன், ஓரத்தில் சுவர் மேல் கொஞ்சம் ஏற்றி. அதன் மேல் ஃபோம் ஷீட். பிறகு நீளச் சுவரை ஒட்டி முதல் வரிசை. சுவருக்கும் பலகைக்கும் நடுவில் 12 மில்லிமீட்டர் ஆப்பு. பசையும் ஆணியும் கிடையாது. மொத்தத் தரையும் தளத்தின் மேல் சும்மா கிடக்கிறது, விரிய வேண்டுமானால் அந்த 12 மில்லிமீட்டருக்குள் விரிந்துகொள்ளும். டைல்ஸ் வெடித்ததற்கு என்ன காரணமோ அதற்கு இங்கே முதலிலேயே வழி விட்டிருக்கிறது.

கடைசி வரிசை இரண்டு விரல் அகலத்துக்கு வந்துவிடக் கூடாது என்று அறையை அளந்து முதல் வரிசையையே நீளவாக்கில் அறுத்துக் குறுக்கினார். அடுத்தடுத்த வரிசையில் மூட்டு ஒரே நேராக வராமல் ஒரு அடியாவது தள்ளி. நிலைக்காலைச் சுற்றிப் பலகையை வெட்டாமல், நிலைக்காலின் அடியை மெல்லிசாக அறுத்து அதற்குள் பலகையைச் சொருகினார். அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

செப்டம்பர் 12

ஸ்கர்ட்டிங், அதாவது சுவரின் அடியோரப் பட்டை, அடித்து முடித்தார்கள். அது சுவரில் மட்டும், தரையில் ஆணி படக் கூடாது. கட்டிலுக்குப் பின்னால் ஒரு துண்டை மட்டும் அடிக்காமல் சாய்த்து வைக்கச் சொன்னேன், இடைவெளியை அளக்க.

சாயங்காலம் கதவுக்குத் தடுப்புக் கட்டை மாட்ட வந்த பையன் டிரில்லைத் தரையில் வைத்துவிட்டான். ஒரே ஒரு திருகு பலகையைத் துளைத்துத் தளத்தில் இறங்கினாலும் மிதக்கிற தரையை அங்கே ஆணியடித்து நிறுத்திய கணக்கு. நல்லவேளை மூத்தவர் கீழே காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டு ஓடி வந்தார். தடுப்பு இப்போது சுவரில்.

அக்டோபர் 20

வேலைக்கு வரும் அக்காவுக்கும் எனக்கும் இந்த அறையில் தினம் ஒரு பஞ்சாயத்து. பினாயில் கரைத்து வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவருவார். பிழிந்த துணி போதும் என்றால், "தண்ணி ஊத்தாமத் துடைச்சா அது துடைச்சதாம்மா?" அவர் பக்கமும் நியாயம் உண்டு. மணல் இருந்தால்தான் கீறல் விழும், அதனால் பெருக்குவது முக்கியம், வாசலில் கால்மிதி என்று சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 24

ஒரு வாரமாக மழை. உப்பு ஜாடி கசிகிறது, கதவு இறுகி மூடமாட்டேன் என்கிறது. கட்டிலுக்குப் பின்னால் அளந்தேன். 12 இருந்தது 9 ஆகியிருக்கிறது. பலகை எதுவும் எழும்பவில்லை, மூட்டில் மேடு தட்டவில்லை.

டிசம்பர் 14

நேற்று முழுக்கக் கொட்டியது. தாமிரபரணியில் வெள்ளம். போன வருஷப் பயத்தில் அரிசி மூட்டை, மெத்தை, சாமி படங்கள் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றினோம். மூட்டைகளுக்கு அடியில் பத்தமடைப் பாயை விரித்தேன். அத்தையும் மேலே வந்து, முதல் தடவையாக அந்தத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சில்லுனு இல்ல. பரவால்ல" என்றார். பாடையைப் பற்றிப் பேச்சில்லை.

பிப்ரவரி 16, 2025

இடைவெளி 11. வெயில் காலத்தில் இந்தத் தரை காவி மாதிரி குளுமை தராது என்று இப்போதே தெரிகிறது, மத்தியானத் தூக்கம் கீழேதான். ஜன்னலோரத்து மாதிரித் துண்டில் வெயில் பட்ட பாதி நன்றாகவே மஞ்சள் அடித்திருக்கிறது. மேற்கு ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டேன்.

எதிர்வீட்டு அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, அவர் வீட்டில் கீழ்த்தளத்துக்கு இதையே போடலாமா என்று கேட்டார். ஆறு பக்கத்திலேயே இருக்கிறது, மண்ணிலிருந்து ஈரம் ஏறும், கரையானும் வரும், வேண்டாம் அண்ணாச்சி என்றேன். நம்பவில்லை. ஒரு பாலித்தீன் ஷீட்டும் டேப்பும் கொடுத்தனுப்பினேன். நேற்றுப் பிரித்துப் பார்த்தாராம், ஷீட்டுக்கு அடியில் துடைத்து எடுக்கிற அளவுக்குத் தண்ணீர். இன்று காலையில் டைல்ஸ் கடைக்குப் போயிருக்கிறார். இடைவெளி விட்டு ஒட்டச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.