டிராகன் இல்லாத புத்தாண்டு

சீனப் புத்தாண்டுக்கு ஓட்டக் காலணி விளம்பரம் ஒன்று வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டு வந்தபோது, நான் சிங்கப்பூரில் விளம்பர வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. சிவப்பும் தங்கமும் தீட்டி, காலணியைச் சுற்றி ஒரு டிராகனை வளைத்து வரைந்தேன். எங்களோடு வேலை பார்த்த ஷாங்காய்க்காரத் தோழி அதை நெடுநேரம் பார்த்தார். "இதில் எங்கள் வீட்டு ஆள் யாருமே இல்லையே" என்றார்.

அன்று மதியம் பழைய விளம்பரங்களைப் போட்டுக் காட்டினார். காலணி நிறுவனமான நைக்கியின் 2004 விளம்பரப் படத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் ஒரு குங்ஃபூ குருவையும் டிராகன்களையும் வீழ்த்துகிறார். நாட்டின் கண்ணியத்துக்கு இழுக்கு என்று சீன அரசு அதைத் தடை செய்தது. நைக்கியின் 2016 புத்தாண்டுக் காலணியில் ஒரு குதிகாலில் 'ஃபா' என்ற சீன எழுத்து, மறு குதிகாலில் 'ஃபூ'. தனித்தனியே செல்வமும் பாக்கியமும்தான். சேர்த்துப் படித்தால் 'உடம்பு பெருத்துவிட்டது' என்று ஆகிவிடும்.

அப்புறம் 2020 புத்தாண்டுக்கு வந்த நைக்கி படம். அத்தை சிவப்பு உறையில் பணம் நீட்டுகிறார். நீட்டியவுடன் வாங்கிக்கொள்வது மரியாதையில்லை என்பதால் சிறுமி ஓடுகிறாள், அத்தை துரத்துகிறார். வருடா வருடம் இதே ஓட்டம். அவள் வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கியதும் உறையை அவள் நீட்டுகிறாள், அத்தை ஓடுகிறார். ஓட்டக் காலணிக்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

தோழி கடைசியாகச் சொன்னது சீன ஓட்டக்காரர் லியூ சியாங் பற்றி. 2004 ஏதென்ஸில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றவர். 2008 ஆகஸ்ட் 18 அன்று பெய்ஜிங்கில், குதிகால் தசைநாண் வலியால் ஒரு தடைகூடத் தாண்டாமல் வெளியேறினார். மறுநாளே செய்தித்தாள்களில் நைக்கி விளம்பரம்: அவருடைய முகமும், மனம் உடைந்தாலும் விளையாட்டை நேசி என்ற பொருளில் சில வரிகளும். தோழியின் அப்பா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தாராம். தோற்றுப்போன நாளில் கூடவே நின்றவர்களை மறக்க முடியுமா என்று தோழி கேட்டார்.

டிராகனை அழித்துவிட்டேன். புதிய படத்தில் விடியற்காலைப் பூங்கா. ஒரு தாத்தா உடற்பயிற்சிக்காகப் பின்னோக்கி நடக்கிறார், அவர் முகத்தைப் பார்த்தபடி பேத்தி மெதுவாக ஓடி வருகிறாள். தாத்தாவுக்கும் புதுக் காலணி மாட்டுங்கள் என்றது வாடிக்கையாளர் தரப்பு. தோழி விட்டுக்கொடுக்கவில்லை. அவர் காலில் பழைய கறுப்புத் துணிக் காலணியே இருந்தது.