பிளாட்டினம் பலகையும் ஈ.பி. பில்லும்

பசுமைக் கட்டிடச் சான்றிதழுக்கு ஆவணம் தயாரிப்பது என் தொழில். லீட், ஐ.ஜி.பி.சி., கிரிஹா என்று சான்றிதழ் தரும் முறைகளில் எதுவானாலும் ஆற்றல், தண்ணீர், பொருட்கள் என்று தலைப்புவாரியாகப் புள்ளி சேர்க்க வேண்டும். இதனால் நன்மை இல்லாமல் இல்லை. தண்ணீருக்கு மீட்டர் வைக்க மறுக்கும் முதலாளிகூட புள்ளிக்காக வைத்துவிடுவார்.

காரைக்குடிப் பக்கம் ஒரு விடுதி வேலையில்தான் எனக்கு மனசு உறுத்தியது. முகப்புக்கு பர்மா தேக்குத் தூண்களை முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்கினார்கள். மறுபயன்பாட்டுப் பொருள் என்று புள்ளியும் கிடைத்தது. அந்தத் தூண்கள் கடைக்கு வந்ததே எங்கோ ஒரு செட்டிநாட்டு வீட்டை இடித்ததால்தான். நம் மனையிலுள்ள பழைய கட்டிடத்தைக் காப்பாற்றினால் லீடில் புள்ளி உண்டு. அடுத்த ஊரில் இடிந்த வீட்டை எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டில் சுவர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரைத்த சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீர், கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. வயதான கொத்தனார் கூழாங்கல்லால் தேய்க்கத் தேய்க்க சுவர் பளிங்காக மின்னியது. என்ன பெயிண்ட் அடிப்பீர்கள் என்று கேட்டேன். “இதுக்கு எதுக்கு தம்பி பெயிண்டு? தாத்தா காலத்துப் பூச்சு அந்தா இருக்கு, தொட்டுப் பாருங்க” என்றார். மே மாத மத்தியானத்திலும் சில்லென்றிருந்தது. எங்கள் விடுதியில் நச்சு ஆவி குறைந்த பெயிண்ட் அடித்ததற்குப் புள்ளி வாங்கியிருந்தோம்.

ஆற்றல் கணக்கு இன்னும் மோசம். அதே அளவில் ஒரு கற்பனைக் கட்டிடத்தைக் கணினியில் வைத்து, அதைவிட எத்தனை சதவீதம் மிச்சம் என்று பார்க்கிறோம். அறைக்கு அறை ஏ.சி. ஓடினாலும், அந்தக் கற்பனைக் கட்டிடத்தைவிடக் குறைவாக இழுத்தால் அது சேமிப்பு. முற்றம், கனத்த சுவர், அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டு ஓடு, வாசலிலிருந்து பின்கட்டு வரை நேராக ஓடும் காற்று என்று ஏ.சி.யே கேட்காத வீடு கண்ணெதிரே நிற்கிறது. ஒப்பிட வேண்டியது அதோடு அல்லவா?

திறப்பு விழாவுக்கே, சான்றிதழின் உச்சத் தரமான பிளாட்டினம் பலகையை விடுதியில் மாட்டியாயிற்று. ஒரு வருஷம் கழித்து ஈ.பி. பில்லும் ஜெனரேட்டர் டீசல் கணக்கும் கேட்டேன்; தர மறுத்துவிட்டார்கள். இப்போது புது வேலை எடுக்கும்போதே, மூன்று வருஷத்துக்கு பில் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகிறேன். மனையில் பழைய வீடு இருந்தால், அதை ஏன் இடிக்க வேண்டும் என்பதுதான் என் முதல் கேள்வி. இதனால் சில வேலைகள் கைவிட்டுப் போயின. போகட்டும்.